அச்சத்தின் அருகில்

நுழையும்முன்

உடலில் தோன்றும் நோயை மருத்துவர் கண்டறிந்து பெயரிடுகிறார். அந்நோயோடு வாழும் குழந்தையின் மனத்தில் எழும் அச்சத்தை யார் கண்டறிவது? வலிமையைச் சிறிது சிறிதாகக் கவரும் நோயொன்றைத் தாங்கி வாழும் சிறுவனையும், அவன் கேட்ட கேள்விக்கு விடைசொல்லத் தடுமாறிய தாயையும் பற்றியது இக்கட்டுரை.

மருத்துவமனையை ஒட்டிய ஊர்

புதுச்சேரி நகரின் மேற்கே, உழவைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது உழவர்கரை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் தனிக் கொம்யூனாக இருந்த அவ்வூர், இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகராட்சி. அதன் கோரிமேட்டுப் பகுதியில்தான் ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ளது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனம், 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். கையில் மருத்துவச் சீட்டுகளைச் சுமந்து செல்லும் மனிதர்கள் உழவர்கரைத் தெருக்களுக்குப் புதியவர்கள் அல்லர். ஆயினும் அந்தச் சீட்டு தம் பிள்ளையின் பெயரைத் தாங்கி வரும் நாளுக்கு எந்தத் தாயும் ஆயத்தமாக இருப்பதில்லை.

அத்தெருக்களுள் ஒன்றில் வாழ்ந்த சிறுவன், பிறந்து பதினெட்டாம் மாதத்தில்தான் நடந்தான். சில பிள்ளைகள் தாமதமாக நடப்பதுண்டு என்று வீட்டார் அமைதி கொண்டனர். அவனுடைய கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டிருப்பதைக் கண்ட ஆயா, "என் ராசா பெரிய பயில்வானாக வருவான்" என்று மகிழ்ந்தார். ஐந்து வயதில் அவன் படியேறும்போது சுவரைப் பற்றினான். தரையில் அமர்ந்தால் நேராக எழ இயலவில்லை. முதலில் குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுவான். பின்னர் முழங்காலிலும் தொடையிலும் கைவைத்து, தன் உடம்பின்மீது தானே ஏறுபவனைப்போல நிமிர்வான். வீட்டார் அதனை விளையாட்டு என்று எண்ணினர். மருத்துவர் அதனைக் கண்டதும் மீண்டும் ஒருமுறை எழுந்து காட்டச் சொன்னார். பிறகு சில சோதனைகளை எழுதித் தந்தார்.

திரண்ட அந்தக் கெண்டைக்கால் வலிமையின் அடையாளம் அன்று; நலிந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியதன் அடையாளம். நோயின் பெயர் டுஷேன் தசைச்சிதைவு. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவரான டுஷேன், 1868இல் பதின்மூன்று சிறுவர்களின் நிலையை ஆராய்ந்து இதனை விரிவாக எழுதினார். தசையின் உயிரணுக்களைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாகாமையால் தசை படிப்படியாகச் சிதைகிறது. இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்கும். பன்னிரண்டு வயதையொட்டி நடை நிற்கும். பின்னர்க் கைகளும், மூச்சுக்குரிய தசைகளும், இதயமும் தளரும். முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும் ஸ்டீராய்டு மருந்துகளும், மூச்சுக்கருவிகளும், இதயத்துக்கான சிகிச்சையும் இந்நோயாளிகளின் வாழ்நாளை முன்னிருந்ததைவிடப் பல ஆண்டுகள் நீட்டியுள்ளன.

ஒரு கேள்வியும் ஒரு பொய்யும்

அவனுக்குப் பத்து வயதானபோது அது நிகழ்ந்தது. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் தாயும் மகனும் காத்திருந்தனர். எதிரே சக்கர நாற்காலியில் பதினாறு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் கையை அவன் தந்தை தூக்கி மடிமீது வைத்தார். சிறுவன் நெடுநேரம் அதனையே பார்த்திருந்தான்.

"அம்மா, அந்த அண்ணனுக்கும் என்னுடைய நோய்தானா?"

"இல்லை கண்ணு. அது வேறு."

தாய் சட்டென்று விடைசொன்னார். மகனைக் காப்பதாகவே அவர் நினைத்தார். சற்று நேரத்தில் செவிலியர் இருவர் பெயரையும் அடுத்தடுத்து அழைத்தார். இருவரும் ஒரே மருத்துவரின் அறைக்குள் சென்றனர். சிறுவன் எதுவும் கேட்கவில்லை. அன்றுமுதல் அவன் நோயைப்பற்றிய எக்கேள்வியையும் கேட்கவில்லை.

மாறாக, காலையில் வயிறு வலிக்கிறது என்றான். பள்ளி ஊர்தி வரும் நேரத்தில் கைகள் வியர்த்தன. தாய் கடைக்குச் சென்றால், "எப்போது வருவாய்?" என்று பலமுறை கேட்டான். இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. பென்சில் கீழே விழுந்தால்கூடச் சினந்து அழுதான். "பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறான், மந்திரிக்க வேண்டும்" என்றார் ஆயா. மந்திரித்தும் பார்த்தனர். ஆயா சொன்னதில் முற்பாதி உண்மை. பிள்ளை பயந்திருந்தான்.

அச்சம் பிறக்கும் இடம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன்களையும் நான்காக வகுக்கிறார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கும் தலைமை என்பன அவை. இந்நான்கும் வெளியிலிருந்து வருபவை. விலங்கைக் கண்டால் ஓடலாம். கள்வனுக்கு அஞ்சிக் கதவை அடைக்கலாம். அச்சிறுவனை அச்சுறுத்தியதோ அவனுடைய உடலே. நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியாதபோது அவன் எங்கே ஓடுவான்? எந்தக் கதவை அடைப்பான்?

இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து அஞ்சும் குழந்தைக்கு, "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று சொல்லலாம். உண்மையாகவே இழப்பைச் சந்திக்கும் குழந்தையிடம் அச்சொல் பயன் தருவதில்லை. தான் உணர்வதைப் பெரியவர்கள் மறுக்கும்போது, தன் அச்சத்தோடு தான் தனித்து நிற்பதாகவே அக்குழந்தை அறிந்துகொள்கிறது. மேலும், டிஸ்ட்ரோஃபின் மூளையிலும் பணியாற்றும் புரதம். ஆகவே பதற்றம் இச்சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஸ்டீராய்டு மருந்தும் மனநிலையை மாற்றக்கூடும். குழந்தையின் சினத்தைப் பிடிவாதம் எனக் கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால் விளங்கும். மருந்தைப் பெற்றோர் தாமாக நிறுத்துதல் கூடாது.

மறைப்பு காக்குமா?

குழந்தையிடம் மறைத்தால் அதன் மனம் காக்கப்படும் என்று உலகின் பல சமூகங்களும் நம்பிவந்துள்ளன. அமெரிக்க மானிடவியல் அறிஞர் மைரா புளூபாண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான சிறு குழந்தைகளோடு மருத்துவமனையில் பல மாதங்கள் பழகி, 1978இல் ஒரு நூல் எழுதினார். அக்குழந்தைகளுக்கு எவரும் உண்மையைச் சொல்லவில்லை. ஆயினும் தாழ்வாரப் பேச்சுகளிலிருந்தும், பெற்றோரின் முகத்திலிருந்தும், பக்கத்துப் படுக்கை காலியானதிலிருந்தும் அவர்கள் தம் நிலையை அறிந்திருந்தனர். பெற்றோர் வருந்துவர் என்பதற்காக அறியாதவர்போல நடித்தனர். பெற்றோர் குழந்தைக்காக நடிக்க, குழந்தை பெற்றோருக்காக நடித்தது.

சுவீடன் நாட்டில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. தம் குழந்தையோடு மரணத்தைப்பற்றிப் பேசியிருந்த 147 பெற்றோருள் ஒருவர்கூட அவ்வாறு பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேருள் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினர். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே விதி பொருந்தும் என்பது இதன் பொருளன்று. பேசாதவருள் பெரும்பாலோர் வருந்தவில்லை. எனினும் உண்மையைப் பேசுவதே கொடுமை என்னும் எண்ணத்தை இவ்வாய்வு அசைத்துவிட்டது.

கேள்வியின் அளவுக்கு விடை

அச்சிறுவனின் தாய், வயிற்றுவலிக்குக் காரணம் காணாத குழந்தை மருத்துவர் சொன்னபடி மனநல ஆலோசகரைச் சந்தித்தார். "குழந்தை கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள்; ஆனால் சொல்வது உண்மையாக இருக்கட்டும்" என்பதே அவர் பெற்ற அறிவுரை. அன்றிரவு தாய் மகன் அருகில் படுத்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ ஒன்று கேட்டாய். நான் பொய் சொல்லிவிட்டேன். அந்த அண்ணனுக்கும் உன்னுடைய நோய்தான்."

சிறுவன் சுவரைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான். நெடுநேரம் கழித்து, "அப்படியென்றால் நானும் நடக்க மாட்டேனா?" என்று கேட்டான்.

தாய் உடனே விடைசொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். அவன் நினைத்திருந்தது வேறு. தன்னால் நடக்க முடியாமற்போனால் அம்மாவால் தன்னைத் தூக்க முடியாது. ஆகவே எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று அவன் எண்ணியிருந்தான். ஓராண்டாக அவன் தனியே சுமந்த அச்சம் அது. நோயைப்பற்றிய உண்மை கடுமையானதே. மறைப்பினால் அவன் கட்டிக்கொண்ட கற்பனை அதனினும் கடுமையாக இருந்தது.

"நடப்பது நிற்கும். எப்போது என்று டாக்டருக்கும் சரியாகத் தெரியாது. அப்போது சக்கர நாற்காலி இருக்கும், நானும் இருப்பேன். உன்னை எங்கும் விடமாட்டேன்." காக்க முடிந்த வாக்கை மட்டுமே அவர் தந்தார். "சரியாகிவிடும்" என்று சொல்லவில்லை. மகன் அழுதான், தாயும் அழுதார். அன்றும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்றாடப் பழக்கங்கள்

ஓர் இரவின் பேச்சால் பதற்றம் நீங்கிவிடுவதில்லை. ஆலோசகரின் துணையோடு அக்குடும்பம் சில எளிய பழக்கங்களைக் கைக்கொண்டது. மாலையில் காபி குடித்தபின் கால்மணி நேரம் 'கவலை நேரம்' என வைக்கப்பட்டது. பகலில் எழும் கவலைகளை அவன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பான். அந்நேரத்தில் இருவரும் அவற்றைப் படிப்பர். இன்றே தீர்க்கக்கூடியவை, பின்னர்ப் பார்க்க வேண்டியவை, எவராலும் தீர்க்க இயலாதவை என அவற்றைப் பிரித்தனர். மூன்றாம் வகைக்கு விடையில்லை; ஆயினும் கேட்பதற்கு ஒருவர் இருந்தார்.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்நாளில், அங்கு நிகழவிருப்பவற்றைத் தாய் வரிசையாகச் சொல்வார். ஊசி உண்டென்றால் உண்டு என்பார். எந்தக் கையில் போடுவது என்பதை அவன் தீர்மானிப்பான். இழப்பு மிகுந்த வாழ்வில் சிறு தேர்வுகள் பெரும் உறுதியைத் தருகின்றன. நெஞ்சு படபடக்கும்போது, மூன்று எண்ணும் அளவு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் அளவு மெல்ல விடுவதற்கு அவன் பழகினான். வகுப்பு மாடியில் இருந்தது. ஆசிரியர் அவ்வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றினார். அவனுடைய காலைநேர வயிற்றுவலிகளுள் பாதி அந்தப் படிகளுக்குரியவை என்பது அதன்பின்னரே தெரிந்தது.

சக்கர நாற்காலி தேவைப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே அதனைக் காணச் சென்றனர். அவன் அமர்ந்து பார்த்தான், திருப்பிப் பார்த்தான், நிறம் பிடிக்கவில்லை என்றான். பன்னிரண்டாம் வயதில், அவன் தேர்ந்த நீலநிற நாற்காலி வீட்டுக்கு வந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. மறுவாரம் ஊசுட்டேரிக்குச் சென்றபோது, முன்பெல்லாம் களைத்துப் பாதியில் திரும்பிய கரையோரப் பாதையைக் கடைசிவரை கண்டான். சாப்பிடாத நாளும் ஏரிக்கரை நாளும் அதன்பின் மாறிமாறி வந்தன. அச்சம் அவனை விட்டு அகலவில்லை. ஆனால் அவன் அதனைச் சொல்லக் கற்றிருந்தான். "அம்மா, இன்றைக்குப் பயமாக இருக்கிறது" என்பான். தாய் கைவேலையை விட்டு வந்து அருகில் அமர்வார்.

ஒருநாள் அதே தாழ்வாரத்தில் அவன் நாற்காலியில் காத்திருந்தான். எதிரே தாயின் கையைப் பற்றி நின்ற ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அவனையே பார்த்தான். பின்னர்த் தாயின் சேலையை இழுத்து ஏதோ கேட்டான். அப்பெண் விடைதேடித் திகைத்தார்.

"எனக்கு டுஷேன். உனக்கும் அதுதானா?" என்றான் நாற்காலியில் இருந்தவன். சிறியவன் தலையசைத்தான்.

"இங்கே வா. பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்."

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தசைச்சிதைவு உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பிற மாணவரோடு இணைந்து கற்பதற்கும், கல்விநிலையக் கட்டடங்களைத் தடையின்றிப் பயன்படுத்துவதற்கும் அச்சட்டம் வழிசெய்கிறது. மனநலம் சார்ந்த உதவி வேண்டுவோர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இந்திய அரசின் இச்சேவை 2022இல் தொடங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியின் நுழைவாயில், வகுப்பறை, நூலகம், கழிப்பறை ஆகியவற்றைச் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் தடையின்றிப் பயன்படுத்த இயலுமா என ஆராய்ந்து அறிக்கை எழுதுக.

2. "இல்லை கண்ணு. அது வேறு" என்று தாய் கூறியது சரியா? இருபக்கக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.