விழாத வாத்து

பெங்களூருக்குப் பணிமாற்றம் பெற்று வந்தபோது என் தம்பியின் பழைய விளையாட்டுக் கருவியையும் உடன் எடுத்து வந்தேன். தம்பி இப்போது துபாயில் இருக்கிறான். 1983ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் அது. 1990களில் அத்தகைய நகல்கள் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. கேசட்டைச் செருகி, திரையில் பறக்கும் வாத்துகளைப் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். மாமா ஒரு வாத்தையும் தப்ப விட்டதில்லை என்று என் மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

எங்கள் வீட்டுத் தட்டைத் தொலைக்காட்சியிலோ ஒரு வாத்தும் விழவில்லை. துப்பாக்கி முனையைத் திரையில் ஒட்டிவைத்துச் சுட்டும் பயனில்லை. "மாமா கதை விட்டிருக்கிறார்" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் முதிய தமிழர். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து வாழ்ந்தவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "துப்பாக்கி ஒளியை வீசுவதில்லை அம்மா, வாங்குகிறது" என்றார். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும். அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் உரிய கணத்தில் பட வேண்டும். பழைய படக்குழாய், வரும் படத்தை வந்தவுடனே வரி வரியாக வரைந்துவிடும். புதிய திரை படத்தை வாங்கி, சீர்செய்து, சற்றுத் தாமதித்தே காட்டும். அதற்குள் கணம் கடந்துவிடுகிறது.

அவருடைய கீழறையில் 14 அங்குலச் சோனி மானிட்டர் ஒன்று இருந்தது. அறையைக் காலி செய்யும் பொருட்டு, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதையும் எழுதி வைத்திருந்தார். தொழில்முறை வேலைக்கென்று செய்யப்பட்ட அத்திரையில் அலைவரிசை பிடிக்கும் பகுதியே கிடையாது. ஆகவே ஆண்டெனா கம்பி உதவாது. மஞ்சள் முனை கொண்ட வீடியோ கம்பிதான் வழி. அதுவும் பொருந்தவில்லை. மானிட்டரில் இருந்தவை திருகிப் பூட்டும் பி.என்.சி. முனைகள். எஸ்.பி. ரோடு கடைகளில் தேடி, இடையில் பொருத்தும் சிறு இணைப்பியை வாங்கி வந்தேன்.

படம் வந்தது, ஆனால் கண் கூசும் அளவுக்கு வெளுத்திருந்தது. பெரியவர் பின்புறம் தடவி, 75 ஓம் என்று எழுதியிருந்த சிறு பொத்தானைத் தள்ளினார். ஒரே படம் பல மானிட்டர்களுக்குத் தொடராகச் செல்லும்போது, கடைசி மானிட்டரில் அதை முடித்துவைக்க வேண்டுமாம். நீலவானம் நீலமாயிற்று. பின்மூடியைத் திறந்து பார்க்க மட்டும் அவர் எவரையும் விடவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். நீங்களும் திறக்காதீர்கள்.

மகள் சுட்டாள். முதல் வாத்து தப்பியது. இரண்டாவது தலைகுப்புற விழுந்தது. அவள் துபாய்க்கு அழைத்து, ஒரே ஆட்டத்தில் எத்தனை வாத்து வீழ்த்தினீர்கள் என்று மாமாவிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் சட்டைப்பையிலிருந்த பட்டியலை எடுத்து, அதில் ஒரு வரியை அடித்தார்.