பரணில் இருந்த புடவை

சென்ற மாதம் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் கதையொன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். கதையில் வரும் பாட்டி பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்குவார். அவ்விடம் வந்ததும் முன்வரிசை மாணவன் கையை உயர்த்தினான். "பரண் என்றால் என்ன, டீச்சர்? பறப்பதா?" ரகர றகர வேறுபாட்டை விளக்குவதில் ஐந்து நிமிடம் சென்றது. பிறகு வெண்பலகையில் ஓட்டு வீடு ஒன்றை வரைந்து, கூரைக்குக் கீழே மரப்பலகைகளை அடுக்கி, ஓர் ஏணியையும் சாய்த்து வைத்தேன். "ஓ, அட்டிக்!" என்றாள் ஒரு சிறுமி. ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றி நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருக்கிறாளாம். அடுத்த மாணவன் எழுந்து, "எங்கள் வீட்டில் அது இல்லை டீச்சர். பாம்ப் ஷெல்டர்தான் இருக்கிறது" என்றான். வகுப்பே சிரித்தது.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அவன் சொன்னது மிகவும் சரி. 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் கனமான இரும்புக் கதவும் கொண்ட காப்பறை ஒன்று இருக்கும். செங்காங் அந்த ஆண்டுகளில் எழும்பிய நகர். ஆகவே இங்கே வீட்டுக்கு ஒரு காப்பறை! போர் வந்தால் ஒதுங்குவதற்கென்று கட்டிய அந்த அறையில் என் வீட்டில் கொலுப் பெட்டி, அரிசி மூட்டை, மடக்கு மிதிவண்டி, மகனின் பழைய பாடநூல்கள், ஒரு தையல் இயந்திரம் ஆகியவை ஒதுங்கியிருக்கின்றன. குண்டு விழுந்தால் நாங்கள் எங்கே நிற்பது என்று கணவர் ஆண்டுக்கொருமுறை கேட்பார்.

பரண் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்வும் உண்டு. தினைப்புனத்தில் கிளி கடிவதற்காகக் கட்டும் உயர்ந்த மேடையும் பரண்தான். வள்ளி நின்றது அங்கேதான். ஒன்று காவல் காக்கும் இடம், மற்றொன்று பொருளைக் காத்து வைக்கும் இடம். மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் கவனம் வேறெங்கோ போய்விட்டது. என் கவனமும் அப்படித்தான்.

எங்கள் வட்டாரத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் பெண்கள் எட்டு ஒன்பது பேர் கூடி ஒட்டுப்போர்வை தைக்கிறோம். துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவே பஞ்சோ பழந்துணியோ வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் இடுவது. தமிழருக்கு இது புதிதன்று. 'கந்தை' என்று நாம் இழிவாகச் சொல்லும் சொல்லும், வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து உலகப் புகழ் ஈட்டித் தந்த 'காந்தா'வும் 'கந்தா' என்னும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அவர்கள் நூலுக்குக்கூடப் பழஞ்சேலையின் கரையிலிருந்து இழை உருவிக்கொண்டார்கள். நாம் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கலையைக் கைவிட்டோம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் பழைய நூற்புடவையை நான்காக மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பார்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. கைவிட்டோம் என்று சொல்வது மிகையோ என்னவோ.

துணிக்கு எங்களுக்குக் குறைவில்லை. செங்காங்கில் ரயில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. தேக்கா நிலையத்தின் மேல்தளத்துத் தையற்கடைகளில் ரவிக்கை வெட்டியதில் எஞ்சிய துண்டுகளைப் பையில் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள்.

இவ்வாண்டு என்ன தைப்பது என்ற பேச்சு வந்தபோது, குழுவின் மூத்தவரான ஓய்வுபெற்ற தாதி சாங்கிப் போர்வைகளைப் பற்றிச் சொன்னார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் நானூறு பேர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்களுக்குத் தனிப்பகுதி. கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவியின் நிலை கணவனுக்குத் தெரியாது. அங்கிருந்த எத்தல் முல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆளுக்கொரு சதுரத் துணி தந்து, பெயரையும் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் அதில் பூத்தையலாகத் தைக்கச் சொன்னார். அறுபத்தாறு சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று. மூன்றாவது, காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு! சிறை அதிகாரிகள் மறுக்காமல் எடுத்துச்செல்லட்டும் என்பதற்கான சூழ்ச்சி அது. போர்வைகள் மருத்துவமனையை அடைந்தன. பெயர்கள் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தன. இன்று ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் மற்ற இரண்டும் கேன்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் இருக்கின்றன.

அச்சிறையிலிருந்த சிறுமியர் சுமார் இருபது பேர் தங்கள் சாரணியர் குழுவை நடத்திய எலிசபெத் என்னிஸ் என்பவருக்குப் பிறந்தநாள் பரிசாக, அறுகோணத் துண்டுகளால் மறைவாக ஒரு போர்வை தைத்தார்கள். அது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர்களில் பலர் என் நான்காம் வகுப்பு மாணவியரின் வயதினர்.

நாங்களும் அவ்வாறே செய்வது என்று முடிவாயிற்று. ஆளுக்குச் சில சதுரங்கள், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். பொருள், நாம் பிறந்து வளர்ந்த பழைய வீட்டின் பரண். இந்தப் பொருளை முன்மொழிந்தவள் நான்தான். வகுப்பில் நடந்ததைச் சொல்லப்போய் வந்த வினை.

அன்று ஊசிகள் நகரவேயில்லை, வாய்கள்தாம் நகர்ந்தன. நாங்கள் மக்சிக் என்றழைக்கும் மலாய் மூதாட்டி, மலாக்காவில் தம் பாட்டி வீட்டின் 'லோத்தெங்'கைப் பற்றிச் சொன்னார். கூரைக்கடியில் உள்ள அம்மேல்தளத்தில்தான் மணமாகாத பெண்கள் உறங்குவார்களாம். ஏணியைக் கீழிருந்து எடுத்துவிட்டால் யாரும் ஏற முடியாது! 'லோத்தெங்' என்பது சீன ஹொக்கியன் மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல் என்று எங்கள் சீனத் தோழி உடனே உரிமை கொண்டாடினார். அவர் வளர்ந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றில். கீழே கடை, மேலே குடும்பம், அதற்கும் மேலே கூரைச் சரிவில் குனிந்தே நடக்கவேண்டிய ஒரு பரண். அவருடைய தம்பி பிறந்தபோது நூறு வீடுகளில் துண்டுத் துணி கேட்டு வாங்கி 'நூறு குடும்பப் போர்வை' தைத்தார்களாம். நூறு குடும்பங்களின் நல்லாசியும் குழந்தைக்குச் சேரும் என்பது சீனர் நம்பிக்கை. தமிழ் வீடுகளிலிருந்தும் துணி வந்தது, அவற்றில் மஞ்சள் கறை இருந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொருவர் கங்கார் மீன்பிடிக் கிராமத்துக்காரர். இன்றைய செங்காங்கின் பக்கத்திலேயே, சிராங்கூன் ஆற்றங்கரையில் இருந்த ஊர் அது. அவர்கள் வீட்டுப் பரணில் வலைகள் கிடக்கும். மழைக்காலத்தில் வீடு முழுவதும் கருவாட்டு வாசம். அதை எப்படித் தைப்பது என்று கவலைப்பட்டார். (கடைசியில் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். குழுவிலேயே சிறந்த சதுரம் அதுதான் என்பேன்.) செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்த தமிழக்கா ஒருவர், எங்களுக்கு ஏது பரண், அலமாரி உச்சிதான் என்று சொல்லி, உண்மையாகவே ஓர் அலமாரியின் உச்சியைத் தைத்தார்.

என் முறை வந்தது.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் எங்கள் வீடு. ரேழி, கூடம், முற்றம், நாட்டு ஓடு. சமையற்கட்டை அடுத்த உள்ளறையின் மேல் தேக்குச் சட்டங்களில் பலகை பரப்பிய பரண். அண்டா, கொலுப் பொம்மைகள், உடைந்த தொட்டில், அப்பாவின் கணக்கேடுகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் அம்மாவின் டிரங்குப் பெட்டி. ஆண்டுக்கொருமுறை, போகிக்கு முந்திய வாரத்தில், அம்மா மூங்கில் ஏணியில் ஏறிப் பெட்டியை இறக்கச்செய்வார். ஏணியைப் பிடித்துக்கொள்வது அக்காவின் வேலை. வசம்பும் பாச்சை உருண்டையும் கலந்த மணம் கூடம் முழுவதும் பரவும். பட்டுப்புடவைகளை நிழலில் உலர்த்தி மீண்டும் மடித்து வைப்பார். எங்களுக்கு அது ஒரு திருவிழா. எதற்காக அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. வெயில் காட்டுகிறார், பூச்சி வராமலிருக்க, என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

2008இல் அம்மா மறைந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. சாவி திருச்சியிலிருந்த அக்காவிடம். 2019இல் வீட்டை விற்க முடிவானபோது, ஜூன் விடுமுறையில் நான் ஊருக்குச் சென்று பரணை ஒழித்தேன். டிரங்குப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு அண்டாவும் பொம்மைகளும். பெட்டியின் அடியில் அம்மாவின் கூறைப்புடவை, வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தது. பிரிக்காமலேயே கொண்டுவந்து காப்பறையில் வைத்துவிட்டேன். பிரித்தால் அழுவேன் என்று அஞ்சினேன்.

இப்போது, இந்தச் சதுரத்துக்காக, அதன் முந்தானையிலிருந்து ஆறு அங்குலம் வெட்டலாம் என்று நினைத்தேன். கத்தரி வைக்குமுன் மூத்தவளிடம் கேட்பதே முறை என்று தொலைபேசியில் அழைத்தேன். அக்கா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அம்மா கட்டின கூறையிலே கத்தரி வைக்க உனக்கு எப்படிடி மனசு வருது?" என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அடுத்த மூன்று வாரங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளில் நாங்கள் அவ்வாறு பேசாமலிருந்ததில்லை.

வெட்டுவதில்லை என்று தீர்மானித்து, ஒருமுறையேனும் பார்த்துவிட்டு வைப்போம் என்று ஓர் இரவு புடவையைப் பிரித்தேன். அது விரியவில்லை, துண்டு துண்டாக வந்தது. மடிப்பு விழுந்த ஒவ்வோர் இடத்திலும் பட்டு நெடுகக் கீறியிருந்தது. கத்தரியால் வெட்டியதைப் போல நேர்க்கோடு. சரிகைக் கரை மட்டும் சில இடங்களில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற தாதி அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பட்டை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டில் இழைகள் ஓய்ந்து முறிந்துபோகும். ஓட்டுக்கூரையின் வெப்பம் அதை விரைவுபடுத்தும். சரிகையின் கனமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆண்டுதோறும் எடுத்து மடிப்பை மாற்றி வைக்கவேண்டும் என்றார்... அம்மா போகிக்கு முந்திய வாரத்தில் செய்துவந்தது அதுதான். பழைய மடிப்பைக் கலைத்து, விரலால் அளந்து, வேறிடத்தில் மடித்தது இப்போது கண்முன் தெரிகிறது. பதினொரு ஆண்டுகள் அந்தப் பரணில் யாரும் ஏறவில்லை. அதன்பின் காப்பறையில் நான் வைத்திருந்த ஆண்டுகளிலும் யாரும் பிரிக்கவில்லை. பழி பாதி எனக்கும்தான்.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவளே அழைத்தாள். "எனக்குத் தெரியும்டி" என்றாள். அம்மா இறந்த மறு ஆண்டு போகிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறாள். ஏணியைச் சாத்தியிருக்கிறாள். கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படியே திரும்பிவிட்டாளாம். "அதுக்கப்புறம் வருஷா வருஷம் நினைப்பேன், அடுத்த வருஷம் போகலாம்னு. நீ வெட்டறேன்னு சொன்னதும் பெட்டியை நீ பிரிச்சுப் பார்ப்பியேன்னுதான் பயம் வந்தது." நான் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறையில் நின்று இருவரும் அழுதோம். அவள் திருச்சியில், நான் செங்காங்கில்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு சிறு பொதி வந்தது. அம்மாவின் கூறைக்கு இணையான ரவிக்கை. அது அவளிடம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உள்ளே ஒரு தாளில், முந்தானைத் துண்டு தனக்கு வேண்டும், துவைக்காமல் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

முறிந்த பட்டு ஊசியைத் தாங்காது. குத்திய இடத்திலெல்லாம் கிழியும். ஆகையால் மெல்லிய மல் துணியை அடியில் வைத்து, துண்டின் ஓரங்களை முதலில் அதனோடு பிடித்துத் தைத்து, பிறகே சதுரமாக்க வேண்டும். ஒரு மாலையில் நான்கு அங்குலத்துக்கு மேல் முன்னேற முடிவதில்லை. ஏணி ஒன்று தைத்திருக்கிறேன். அதன் கீழே ஏணியைப் பிடித்தபடி ஒரு சிறுமி. அவளுடைய பாவாடைக்கு அக்கா அனுப்பிய ரவிக்கையின் கைப்பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

எஞ்சிய துண்டுகளை மடிக்காமல், அட்டைக் குழலொன்றில் சுருட்டிக் காப்பறையில் வைத்திருக்கிறேன், அரிசி மூட்டைக்கு மேலே.