ஆரையம்பதியில் ஒரு பழைய ஆட்டம்

கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை என்ற உறுதியோடு தொலைக்காட்சி அலைவரிசைகள் தோன்றிய காலம் ஒன்றிருந்தது. 2006 இல் இந்திய கிரிக்கெட் சபையின் நான்காண்டு ஒளிபரப்பு உரிமையை நிம்பஸ் நிறுவனம் 61 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. அவ்வளவு பணத்தை மீட்க வாடகை வீடு போதாது, சொந்த வீடு வேண்டும். நியோ கிரிக்கெட் அவ்வாறு வந்ததுதான். 2007 இல் ஸ்டார் கிரிக்கெட், 2010 இல் டென் கிரிக்கெட். வட அமெரிக்காவின் வில்லோவை டொரொன்டோ வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஆட்டமில்லாத நாட்களே இவற்றின் தீராத தலைவலி. 24 மணித்தியாலத்தையும் நிரப்பியாக வேண்டும்; வீரர்களோ உறங்க வேண்டியவர்கள். ஆகவே பழைய ஆட்டங்களைத் தூசு தட்டி எடுப்பார்கள். செய்தி வறண்ட நாளில் பத்திரிகைக்காரர் நாங்கள் செய்வதும் அதுவே என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

2011 பெப்ரவரியில், மட்டக்களப்பு வெள்ளத்தைப் பற்றி எழுதுவதற்காகக் கொழும்பிலிருந்து காத்தான்குடிக்கு வந்திருந்தேன். ஒருநாள் மாலை ஆரையம்பதியில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அந்த வீட்டுப் படியை நான் கடைசியாக மிதித்தது 1990 க்கு முன்னர். அவ்வாண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, எங்கள் ஊரின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அயலில் தமிழ்க் கிராமங்களும் அந்த மாதங்களில் பிணங்களை எண்ணின. அதன் பின்னர் நண்பரை நகரத்தில் காண்பேன், கதைப்பேன். வீட்டுக்கு மட்டும் போனதில்லை.

உலகக் கிண்ணம் நெருங்கிய வேளை. அவருடைய டிஷ்ஷில் ஸ்டார் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. 1996 மார்ச் 17, லாகூர் இறுதி ஆட்டம்! அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 241. மூன்று மாதங்களுக்கு முன் மெல்பேர்னில் பந்தை எறிகிறார் என்று நடுவரால் குற்றஞ்சாட்டப்பட்ட முரளிதரன், அதே அவுஸ்திரேலியருக்கு எதிராக 10 ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்தார். நண்பர் அந்த ஓவர்களில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னர் 23 ஓட்டங்களுக்கு இரு விக்கெட்டுகள் போய், அரவிந்த டி சில்வா வந்து 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்ற கதை எல்லோரும் அறிந்ததே.

"முடிவை அண்டைக்கு நான் பார்க்கல்ல, மச்சான்" என்றார் நண்பர்.

பாதி ஆட்டத்தில் அவர்கள் பக்கம் மின்சாரம் போயிற்றாம். இருட்டில் உட்கார்ந்திருக்கையில் திடீரென்று காத்தான்குடிப் பக்கமிருந்து வெடிச்சத்தம். தாயார் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தார். இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற செய்தி அவர்களுக்கு விடிந்த பின்னர்தான் தெரிந்தது.

அன்றிரவு எங்கள் வீதியில் பட்டாசு கொளுத்தியவர்களில் நானும் ஒருவன். அதைச் சொன்னேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். கதவோரம் நின்ற தாயார் சிரிக்கவில்லை.

"அது நீங்கதானா மகன்?" என்றவர், சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பிளேன்டீ ஊத்தட்டா?" என்று கேட்டார்.

அந்த அலைவரிசை 2013 நவம்பரில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 3 என்று பெயர் மாறிற்று. அன்று மாலை லாகூர் முடிந்ததும் அதில் 1999 உலகக் கிண்ண ஆட்டமொன்று தொடங்கியது. இலங்கை முதற் சுற்றோடு வீடு திரும்பிய ஆண்டு அது. தேநீர் வரும்வரை ஒலியைக் குறைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம்.