விந்தகம் உருவாகும் இடமும் வந்து சேரும் இடமும்

பாலூட்டிகளின் கருவில் விந்தகமும் சூலகமும் ஒரே திசுவிலிருந்துதான் தோன்றுகின்றன. முதுகுப்புறம், கருவின் தற்காலிகச் சிறுநீரகத்தை ஒட்டி, இருபக்கமும் மெல்லிய மேடு எழும்புகிறது. மனிதக் கருவில் இது 5-ஆவது வாரம். சுண்டெலியில் ஏறக்குறைய 10-ஆவது நாள். கருவுணவுப்பையின் சுவரில் பிறந்த இனச்செல்கள் குடலோரமாக ஊர்ந்து வந்து இந்த மேட்டில் குடியேறுகின்றன. இந்தக் கட்டத்துச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால், எவ்வளவு பழகிய கண்ணுக்கும் ஆண், பெண் தெரியாது. குரோமோசோமைத்தான் பார்க்க வேண்டும்.

மைசூருவை அடுத்த நாகரஹொளெ காட்டில் குரைத்துத் திரியும் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7. மனிதருக்கோ 46. எண்ணிக்கை எப்படி இருந்தாலும், பெரும்பாலான பாலூட்டிகளில் விந்தகத்தைத் தொடங்கிவைப்பது ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு. 1990-இல் அது கண்டறியப்பட்டது. மறு ஆண்டே, அதைப் புகுத்திய எக்ஸ்எக்ஸ் சுண்டெலி ஒன்று விந்தகத்தோடு ஆணாக வளர்ந்தது. விந்தணு மட்டும் உண்டாகவில்லை.

சுண்டெலியில் இந்த மரபணு விழித்திருப்பது இரண்டே நாள். அதற்குள் சாக்ஸ்9 என்ற அடுத்த மரபணுவை எழுப்பிவிட்டு அடங்கிவிடும். சாக்ஸ்9 விழித்த செல்கள் செர்டோலி செல்களாகி, இனச்செல்களைச் சூழ்ந்து வடங்களாகத் திரள்கின்றன. பன்னிரண்டரை நாள் கருவிலிருந்து உறுப்பைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் இட்டு, கீழிருந்து ஒளி பாய்ச்சினால் சாயமே தேவையில்லை: விந்தகத்தில் குறுக்கு வரிகள் தெரியும், விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதே ஈற்றின் பெண் கருவில் வரியே இருக்காது. இனச்செல்களே பாலைத் தீர்மானிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இனச்செல்கள் வந்து சேராத மேட்டிலும் வடங்கள் உருவாகும்.

பிறகு ஹார்மோன்களின் வேலை. செர்டோலி செல்கள் சுரக்கும் ஒன்று, கருப்பையாக வளரவேண்டிய முல்லேரியன் நாளத்தை அழிக்கிறது. விந்தகத்தில் உள்ள லீடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்துநாளத்தைக் காக்கிறது. முயல் கருவின் விந்தகத்தை எடுத்துவிட்டால் அதன் உடல் பெண்ணாகவே வளரும் என்பதை அல்ஃபிரெட் ஜோஸ்ட் 1947-இல் காட்டினார். கருவியல் சோதனைகளில் இவ்வளவு தெளிவான விடை தந்தவை குறைவு.

கடைசிக் கட்டம் இறக்கம். மனிதக் கருவில் விந்தகம் முதலில் வயிற்றின் அடிப்பகுதிக்கு வந்து நிற்கும். சுமார் 28-ஆவது வாரத்தில் தொடைமடிப்பு வழியாக விதைப்பைக்கு இறங்கத் தொடங்கும். எல்லாப் பாலூட்டிகளுக்கும் இப்பயணம் கிடையாது. மைசூரு தசராவில் 750 கிலோ அம்பாரியைச் சுமக்கும் ஆண் யானைக்கு விதைப்பையே இல்லை. விந்தகங்கள் ஆயுள் முழுவதும் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகிலேயே கிடக்கும். அங்கிருந்தபடியே விந்தணுவும் உண்டாகும், மதமும் பிடிக்கும். காளையைப் போல யானையைக் காயடிக்க முடியாததற்கும் இதுதான் காரணம்.

மனிதரின் விந்தகம் உடற்சூட்டைத் தாங்காது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சிலருக்கு அது இறங்காமல் நின்றிருக்கும். பலருக்குச் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதம் கடந்தும் இறங்கவில்லை என்றால் மேலும் காத்திராமல் குழந்தையை அறுவை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.