என் கால் ஒரு ப்ராக்கெட்!

கண்ணாடி முன்னாடி நின்னு, ரெண்டு கணுக்காலையும் ஒட்டி வைங்க பாஸ். முட்டி ரெண்டும் தொடுதா? எனக்குத் தொடாது. நடுவுல எலுமிச்சம்பழமே போகும். காலேஜ் ஃபுட்பால் டீம்ல என் பேரு 'ப்ராக்கெட்'. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன், மாடிப்படி இறங்கும்போது முட்டியோட உள்பக்கம் சுருக்குனு குத்துற வரைக்கும்.

எலும்பு டாக்டர் நிக்க வெச்சு, இடுப்புல இருந்து கணுக்கால் வரை எக்ஸ்-ரே எடுத்து, அது மேல ஸ்கேல் வெச்சு கோடு போட்டார். நேரான கால்ல கோடு முட்டியோட நடுவுக்கிட்ட போகுமாம். எனக்கு உள்பக்கமா ஓடுச்சு. உடம்பு வெயிட் அந்தப் பக்கமே அதிகமா இறங்கினா, வருஷக்கணக்குல குருத்தெலும்பு தேயலாம். முட்டி இடிக்கிற கால்னா வெளிப்பக்கம் அடி வாங்கும்.

"எக்சர்சைஸ் பண்ணா நேராகுமா டாக்டர்?"

"வளர்ந்த எலும்பு நேராகாது தம்பி. தொடைத் தசையைப் பலமாக்கு, வலி குறையும். வெயிட் ஏத்திக்காதே."

பொறந்தப்போ எல்லாருக்கும் வில்லுக்கால்தானாம். ரெண்டு வயசு வாக்குல நேராகிடுமாம். என் கால் மறந்துடுச்சு போல!

எக்ஸ்-ரேவை கோச்கிட்ட காட்டணும். டீம்ல இருந்து தூக்கிடுவாரோன்னு மூணு வாரமா பீரோவுக்குள்ளயே வெச்சிருக்கேன்.