தவக்குலும் தலைக்கவசமும்



சங்கரன்கோவிலில் எங்கள் மத்ரஸாவுக்கு மாடி எழுப்பியபோது, சாரத்தின் மீது பிடிமானமின்றி நின்ற இளைஞர் ஒருவரைக் கண்டேன். "இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டவில்லையே?" என ஒப்பந்தக்காரரிடம் வினவினேன். "ஹயாத்து இருந்தால் ஒன்றும் ஆகாது, ஹஜ்ரத்!" என்றார். கேட்பதற்கு ஈமானின் சொல் போல் தோன்றும். உண்மையில் அது, தம் கடமையை அல்லாஹ்வின் மீது சாட்டுவதாகும்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நாம் அறிந்த போதனை. தடுப்புச் சுவரற்ற மாடியில் உறங்குவதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை அபூதாவூது நூலில் காண்கிறோம். உறங்குபவருக்கே இவ்வெச்சரிக்கை எனில், விளிம்பில் நின்று கல் அடுக்குபவரின் நிலை என்ன?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் பறிபோயின. அத்தகைய பெருந்துயர் நாடெங்கும் பேசப்படுகிறது. சிற்றூர்ச் சாரத்திலிருந்து விழும் ஒருவரின் மரணமோ, அவர் வீட்டோடு முடிந்துவிடுகிறது.

500 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டுமென 1996 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பத்துப் பேரை வைத்து வேலை செய்யும் நம்மூர் நிறுவனத்திற்கு யார் குழு? எனவே அன்று அஸர் தொழுகைக்குப் பின் ஒப்பந்தக்காரரும் மூத்த கொத்தனாரும் நானும் அமர்ந்து ஒரு திட்டம் எழுதினோம்.

முதலில், விழக்கூடிய இடம், மின்கம்பி, மண் சரியும் பள்ளம் ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்துக் குறித்தோம். அபாயத்தை நீக்க முடியுமாயின் நீக்குவது; இயலாவிடில் தடுப்பு அமைப்பது; இவற்றுக்குப் பின்னரே தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும். சாரத்தில் இடைவெளியின்றிப் பலகை, ஓரத்தில் கைப்பிடி. மின்கசிவைத் துண்டிக்கும் கருவி. சிமெண்ட் குழைப்போருக்குக் கையுறை. முதலுதவிப் பெட்டி. சித்தாள் பெண்களுக்குக் கழிப்பிடம். காலையில் ஐந்து நிமிடம், அன்றைய வேலையின் அபாயத்தைத் தொழிலாளர் அறிந்த மொழியில் கூறுதல். மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் எழுத ஒரு நோட்டு. இவற்றைக் கவனிக்கவும், தேவைப்பட்டால் வேலையை நிறுத்தவும் மூத்த கொத்தனாருக்கு அதிகாரம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடையுண்டு. அங்கு தலைக்கவசமின்றி உள்ளே நுழைய இயலாத நம் பிள்ளைகள், இங்கு தலையில் துண்டோடு சாரம் ஏறுகின்றனர். உயிரின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறுமா?

வாசகர்களே! வளைகுடாவில் ஈட்டிய பொருளால் வீடு கட்டுவோர் நம்மில் பலர். சதுர அடிக்கு விலை பேசிக் குறைக்கும்போது, முதலில் வெட்டப்படுவது சாரத்தின் பலகையும் பட்டையுமே. ஆகவே பாதுகாப்புச் செலவை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்; அதில் பேரம் பேசாதீர்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது கடமை எனில், அக்கூலியோடு அவர் நலமாக வீடு திரும்பச் செய்வதும் நம் கடமையே.