பாடும் மரத்தடியில் ஓர் அஸர்

இங்கிலாந்தில், பர்ன்லி நகருக்கு மேலே விரிந்துகிடக்கும் 'மூர்' எனப்படும் மேட்டுநிலத்தில் நிழலுக்கு மரமில்லை. புல்லும் கரிய மண்ணும் ஓயாத காற்றும்தாம். பல ஆண்டுகள் அதன் அடிவாரச் சாலையில் பயணித்தும் நாங்கள் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

எங்களை மேலே அழைத்தது ஒரு கலைப்படைப்பு. மைக் டோன்கின், அன்னா லியூ என்னும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து, 2006இல் நிறைவுற்ற 'சிங்கிங் ரிங்கிங் ட்ரீ'. எஃகுக் குழாய்களை அடுக்கிச் செய்த, 3 மீட்டர் உயரமுள்ள மரம் அது. காற்று புகுந்தால் குழாய்கள் பாடும். மக்களைத் திறந்த வெளிகளுக்கு அழைக்கவே கிழக்கு லங்காஷயரில் இத்தகைய 4 படைப்புகள் எழுப்பப்பட்டன.

நாங்கள் சென்றடைந்த சற்று நேரத்தில் காற்று ஓய்ந்தது, குழாய்கள் மௌனமாயின.

"வாப்பா, மரம் ஏன் பாடவில்லை?" என்றாள் மகள்.

அம்மௌனத்தில்தான், அதுவரை கேளாத வானம்பாடியின் குரல் எங்கள் செவியில் விழுந்தது.

படைப்புகள் யாவும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன, நாமோ அதனை உணர்வதில்லை என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 44ஆம் வசனம் நினைவூட்டுகிறது. எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! மனிதன் செய்த குழாயைக் கேட்க மலையேறினோம். படைத்தவனின் நிலத்தையோ வாகனக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துகொண்டிருந்தோம்.

அஸர் நேரமானது. ஈரப் புல்லின்மீது விரிப்பிட்டுத் தொழுதோம். ஸலாம் கொடுத்தபோது காற்று மீண்டும் எழுந்திருந்தது.

செவியைத் தந்தவன், கேட்கும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.